நெறிகட்டி ரிப்போர்ட்டில் ‘இன் சிட்டு’ என்று வந்தால்

சென்னையில் கழுத்தில் நெறி கட்டினால் டாக்டர்கள் முதலில் காசநோயைத்தான் சந்தேகிப்பார்கள். அது நியாயமும்கூட. காசநோய் இல்லை என்றான பிறகு, சிலருடைய பயாப்சி ரிப்போர்ட்டில் ‘இன் சிட்டு ஃபாலிகுலர் நியோபிளேசியா’ என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்ததும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் இது, நிணநீர்க் கணுவில் (நெறியில்) கோளாறான சில பி செல்கள் பரவாமல் தம் இடத்திலேயே தங்கியிருக்கும் நிலைதான்.

எலும்பு மஜ்ஜையில் பி செல் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணு) தன் ஆன்டிபாடி ஜீனை வெட்டி ஒட்டும்போது எப்போதாவது இடம் பிசகும். 18-ஆம் குரோமோசோமின் பிசிஎல்2 ஜீன், 14-ஆம் குரோமோசோமில் ஆன்டிபாடி ஜீன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிசிஎல்2 செல்லைச் சாகவிடாத புரதம். பிசிஆர் எனும் நுட்பமான ஜீன் சோதனையில் தேடினால் ஆரோக்கியமான பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் ரத்தத்தில் இந்த மாற்றம் அகப்படும். அவர்களில் பெரும்பாலோருக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) வருவதே இல்லை. அது வர, கேஎம்டி2டி, கிரெப்பிபி போன்ற வேறு ஜீன்களும் கெட வேண்டும்.

எச் அண்ட் ஈ எனும் வழக்கமான சாயமேற்றிய ஸ்லைடில் இன் சிட்டு கண்ணில் படாது. பிசிஎல்2 புரதத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம் ஏற்றினால்தான் தெரியும். இயல்பான கணுவில் ஃபாலிக்கிளின் (பி செல்கள் திரண்ட உருண்டையின்) நடுப்பகுதி வெளுத்தும், சுற்றியுள்ள மேன்டில் வளையம் பழுப்பாகவும் இருக்கும். இன் சிட்டுவில் நடுப்பகுதி வளையத்தைவிட அடர்ந்த பழுப்பாகிவிடும், சிடி10 என்ற இன்னொரு புரதத்தின் சாயமும் பளிச்சென்று பிடிக்கும். ஃபாலிக்கிள் பெருத்து, வளையம் கலைந்திருந்தால் அது நிஜ லிம்போமாவின் தொடக்கமாக இருக்கலாம்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. நடுப்பகுதியே உருவாகாத ஆரம்ப ஃபாலிக்கிள் முழுக்கப் பழுப்பாகத்தான் இருக்கும். நடுவே கிடக்கும் டி செல்களும் (வேறு வகை வெள்ளை அணுக்கள்) பிசிஎல்2 சாயம் பிடிக்கும். அதனால் டி செல்லைக் காட்டும் சிடி3, நடுப்பகுதி பி செல்லைக் காட்டும் சிடி10, பிசிஎல்6 ஆகிய மூன்று சாயங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எழுதிய ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். ஊசியில் உறிஞ்சும் எஃப்என்ஏசியில் இதைச் சொல்லவே முடியாது. கணுவின் அமைப்பு தெரிந்தாக வேண்டும்.

கணுவை முழுசாக எடுத்து, காசநோய் கல்ச்சருக்கு ஒரு துண்டைச் சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) விழுந்தால் கிருமி செத்துவிடும். மீதியை 2–3 மில்லிமீட்டர் தடிமனில் சீவி, குறைந்தது 10 மடங்கு அளவு 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும். சீவாமல் முழுக் கணுவையும் சின்ன டப்பாவில் அடைத்தால் வெளிப்புறம் மட்டும் பதப்படும், உள்ளே அழுகும், சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். நம்மூர் வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வேறெங்காவது லிம்போமா இருக்கிறதா என்று உடல் பரிசோதனையும் ஸ்கேனும் பார்ப்பார்கள். இல்லையென்றால் மருந்து தேவையில்லை; கண்காணிப்பு போதும். சுமார் 5 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் லிம்போமாவாக மாறுகிறது. இரண்டாவது கருத்து கேட்கப் போகிறவர்கள் ஸ்லைடோடு பாரஃபின் பிளாக்கையும் (கணுத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி) லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் இல்லாமல் புதிதாகச் சாயமேற்ற வழியில்லை.