நாமக்கல்லிலிருந்து பி.எம்.எஸ். வரை: 2024 சேர்க்கை அனுபவம்

நாமக்கல்லில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையை ஊர் ஒரே கேள்வியில் அடக்கிவிடும்: நீட்டா, இன்ஜினியரிங்கா? இரண்டும் இல்லை, மேலாண்மை படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது பெரியப்பா, "பி.பி.ஏ. சேர்றதுக்கு எதுக்குக் கண்ணு கணக்கு குரூப்பு எடுத்தே? காமர்ஸே போதுமே" என்றார். உள்ளூர்க் கல்லூரிகளுக்கு அது பொருந்தும். கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தால் நிலைமை வேறு. டெல்லி பல்கலைக்கழகத்தின் பி.எம்.எஸ். என்ற மேலாண்மை இளங்கலைப் படிப்புக்கு நுழைவுத் தேர்வில் கணிதத் தாள் எழுதியே ஆக வேண்டும். மத்திய அரசின் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் ஒன்றான ஐ.ஐ.எம். இந்தூரில், இளங்கலையும் எம்.பி.ஏ.வும் சேர்ந்த ஐந்தாண்டு ஐ.பி.எம். படிப்புக்கான தேர்விலோ பாதிக்குப் பாதி கணக்கு. ஆக, முதல் சல்லடை பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் அன்றே போடப்பட்டுவிடுகிறது. ரிசல்ட் வந்த பிறகு கல்லூரி தேட ஆரம்பிக்கும் வீடுகளுக்கு இது தெரிவதில்லை.

அப்பாவுக்கு லாரி உதிரிபாகக் கடை. "வியாபாரம் கத்துக்க காலேஜ் எதுக்கு, கல்லாவுல வந்து உக்காரு" என்பார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "மூணு வருசம் முடியறப்போ கையில என்ன இருக்கும், கடன் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். எந்தக் கல்லூரியின் பெயரைச் சொன்னாலும் இதே கேள்விதான். முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் நான் பார்த்த விளம்பரங்களில் ஒன்றுகூட இதற்குப் பதில் சொல்லவில்லை.

கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரிக்குப் போனோம். வாசலிலேயே ஃப்ளெக்ஸ்: அதிகபட்ச சம்பளம் இத்தனை லட்சம் என்று ஒரு மாணவரின் படம். வகுப்பில் எத்தனை பேர் வேலைக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன என்று அப்பா கேட்டார். சேர்க்கைப் பிரிவில் இருந்தவர், "சார் கூப்பிட்டுப் பேசுவாங்க" என்றார். யாரும் கூப்பிடவில்லை. அதிகபட்ச சம்பளம் ஒருவருடைய கதை. நடுவில் இருப்பவருடைய சம்பளம்தான் வகுப்பின் கதை. ஐ.ஐ.எம்.களின் எம்.பி.ஏ. வேலைவாய்ப்பு அறிக்கைகளில் இந்த எண் பெரும்பாலும் இருக்கும். பி.பி.ஏ. நடத்தும் பல இடங்களில் கேட்டால்தான் உண்டு, கேட்டாலும் சில நேரம் இல்லை.

ரேங்க் பட்டியல்களும் பெரிதாக உதவவில்லை. மத்திய அரசின் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.பின் மேலாண்மைப் பட்டியலை எம்.பி.ஏ. படிக்கப் போகிறவர்களுக்கானது என்று எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பட்டியல் கல்லூரியை மொத்தமாக எடைபோடுகிறது. பி.பி.ஏ.வுக்கென்று தனிப் பட்டியல் இல்லை. பி.பி.ஏ., பி.எம்.எஸ்., பி.சி.ஏ. படிப்புகளைத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தன் கீழ் கொண்டுவந்தது 2024-25 கல்வியாண்டிலிருந்துதான், அதாவது எங்கள் ஆண்டிலிருந்து. உடனே "ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றது" என்ற வரி எல்லா நோட்டீஸிலும் ஏறிக்கொண்டது. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது நடத்துவதற்கான அனுமதி, தரச் சான்று அல்ல.

ஐ.பி.எம். பக்கம் வருகிறேன். இந்தூரில் 2011இல் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டு அடிப்படைப் பாடங்கள், கடைசி இரண்டு ஆண்டு எம்.பி.ஏ. மாணவர்களோடு சேர்ந்து படிப்பு. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதாமலே ஐ.ஐ.எம். எம்.பி.ஏ. கிடைக்கும் என்பதுதான் கவர்ச்சி. ரோத்தக் தனித் தேர்வு வைக்கிறது. ஜம்முவுக்கும் போத்கயாவுக்கும் சேர்த்து ஜிப்மேட் என்று ஒன்று. இந்தூர் தேர்வில் மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மிஞ்சும் நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துப் போக முடியாது. கணிதத்தில் ஒரு பகுதிக்கு விடையை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். தப்பானால் மதிப்பெண் குறையாது, ஆனால் நான்கு விடையில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஆங்கிலம் நன்றாகவே போனது. இந்த விடை எழுதும் பகுதியில் நின்றுவிட்டேன்.

டெல்லி பல்கலைக்கழகத்துக்கு க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு. நான் எழுதியது ஆங்கிலம், கணிதம், 'ஜெனரல் டெஸ்ட்' என்ற பொதுத் திறன் தாள். கணிதத் தாள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டப்படி வரும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இதில் பயப்பட அதிகம் இல்லை. கலப்பெண்கள், கூம்பு வெட்டிகள் என்று நாம் பன்னிரண்டாம் வகுப்பில் புரண்டு எழுந்தவை அங்கே கேட்கப்படுவதில்லை. பேயஸ் தேற்றத்தை நாம் பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்திருப்போம், மறந்திருந்தால் தூசி தட்டினால் போதும். நம் கணிதப் புத்தகத்தில் இல்லாதது நேரியல் திட்டமிடல். சின்னப் பாடம், எளிதான மதிப்பெண். என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்காகக் கோச்சிங்குக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

படிப்பை விடக் காத்திருப்புதான் சோதித்தது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் மே 6ஆம் தேதி வந்துவிட்டது. க்யூட் ரிசல்ட் ஜூன் 30 என்றார்கள். அந்த ஆண்டு நீட் குளறுபடியில், க்யூட்டையும் நடத்தும் தேசியத் தேர்வு முகமையே தலைப்புச் செய்தியாக இருந்தது. எங்கள் ரிசல்ட் ஜூலை 28ஆம் தேதிதான் வந்தது. இதற்குள் தமிழ்நாட்டில் கல்லூரிகள் திறந்து, என் வகுப்புத் தோழிகள் முதல் இன்டர்னல் தேர்வையே எழுதி முடித்திருந்தார்கள். நானும் கைக்காவலாக அருகில் ஒரு கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன்.

வீட்டில் பெரிய விவாதம் அந்த ஜூலையில்தான். இன்னொரு ஐ.ஐ.எம்.மிலிருந்து ஐ.பி.எம். இடம் வந்தது. ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தால் செலவு முப்பது லட்சம் வரும். பெரியப்பா இப்போது கட்சி மாறி, "ஐ.ஐ.எம்.முங்கறாங்க, கண்ணை மூடிட்டுச் சேத்து" என்றார். அப்பா ஒரு தாளில் கணக்குப் போட்டார். மூன்றாம் ஆண்டில் இளங்கலைப் பட்டத்தோடு வெளியேற வழி உண்டு, ஆனால் அப்போதே கடன் பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். எம்.பி.ஏ. முடித்தால்தான் அந்தக் கடனுக்கு அர்த்தம். அதாவது பதினேழு வயதில் இருபத்திரண்டு வயதுக்கான முடிவையும் சேர்த்து எடுக்க வேண்டும். "லாரி வாங்கறவன் லோடு இருக்குதான்னு பாத்துட்டுத்தான் டியூ கட்டுவான்" என்றார். கடைசி நாள் வரை யோசித்து, அந்த இடத்தை விட்டோம். (பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது அந்த நவம்பரில். எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கடன் வரை மூன்று சதவீத வட்டி மானியம். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் கணக்கைப் புதிதாகப் போடலாம்.)

டெல்லிக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யில் வசதியான பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவையில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். ஜூன் மாதம் அந்த அலுவலகத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது.

சேர்க்கை டெல்லி பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.ஏ.எஸ். என்ற இணையதளத்தில் நடக்கிறது. படிப்பையும் கல்லூரியையும் சேர்த்து விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதனால் நிறையவே கொடுங்கள். ஷஹீத் சுக்தேவ், தீன்தயாள் உபாத்யாயா, கேசவ் மகாவித்யாலயா, ராம்லால் ஆனந்த் என்று பி.எம்.எஸ். இருக்கும் கல்லூரிகளை முதலில் அடுக்கினேன், அப்புறம் பி.காம். ஆனர்ஸ். முதல் பட்டியல் ஆகஸ்ட் 16. அதில் இடம் வந்தால் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். "இது பிடிக்கவில்லை, அடுத்த சுற்றில் பார்க்கலாம்" என்று சும்மா இருந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. ஏற்றுக்கொண்ட பிறகு 'அப்கிரேடு' கொடுத்தால் மேலே உள்ள விருப்பம் காலியாகும்போது தானாக மாறும். 'ஃப்ரீஸ்' கொடுத்தால் அதோடு சரி. மாறிவிட்டால் பழைய இடம் திரும்பாது, அதனால் வரிசையில் மேலே வைப்பதெல்லாம் உண்மையிலேயே மேலே வைக்கத் தகுந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கேசவ் மகாவித்யாலயா கிடைத்தது.

உள்ளூர்க் கல்லூரியில் கட்டிய பணத்தையும் அசல் டி.சி.யையும் திரும்ப வாங்குவது தனிக் கதை. "பாதியில போனா பணம் வராதும்மா" என்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லியிருந்தது. அந்த அறிவிப்பின் நகலை இணைத்து முதல்வருக்குக் கடிதம் கொடுத்த பிறகு சான்றிதழ் உடனே வந்தது. பணம் தாமதமாக வந்தது.

ஆகஸ்ட் 29 வகுப்பு தொடக்கம். சேலத்தில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினோம். கல்லூரிக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடுகிறது. டெல்லியில் அறை வாடகையும் சாப்பாடும்தான் அதைப் போலப் பல மடங்கு ஆகிறது. அப்பாவின் தாளில் அந்த வரியும் இருந்தது. மூன்று ஆண்டோடு முடிப்பதா, நான்காம் ஆண்டு ஆனர்ஸ் வரை போவதா, கேட் எழுதுவதா என்பதை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும்.