புங்கமரத்தோடு ஓர் இளவேனில்: வரைநோட்டுக் குறிப்புகள்

தியானம் எனக்கு வராது. கண்ணை மூடினால் அலுவலகமும் சொந்தக்காரர்களும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்வார்கள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யக்கூடிய ஏதாவது வேண்டும் என்று தோன்றியதில் பிறந்தது இந்த வரைநோட்டு. மாசி மகம் முடிந்து, புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்த சாமிகளெல்லாம் அவரவர் ஊர் திரும்பிய கையோடு ஆரம்பித்தேன்.

திட்டம் எளிமையானது. காலையில் போனைத் தொடுவதற்கு முன் தெருவில் இறங்கி ஒரு மரத்தின் ஒரே ஒரு கிளையை வரைய வேண்டும். வரையும்போது பேச்சு கிடையாது. முடித்ததும், அவ்வளவு நேரமும் மனசில் எது ஓடியதோ அதை ஒரே சொல்லில் பக்கத்தின் ஓரத்தில் எழுத வேண்டும். வைகாசி முடியும்வரை இதுதான்.

பொருட்களுக்கு அதிகம் செலவில்லை. 2பி பென்சில், கட்டி வண்ணப் பெட்டி, இரண்டு பிரஷ், 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாள். மெல்லிய டிராயிங் நோட்டில் தண்ணீர் பட்டதும் தாள் சுருண்டுகொள்ளும், அதனால் தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் முத்தியால்பேட்டையில் விடியற்காலைக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு வண்ணம் லேசில் காயாது. முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். ஒன்பது மணி வெயிலில் நிலைமை தலைகீழ்: பிரஷை எடுப்பதற்குள் காய்ந்து கோடு விழுகிறது. நடுவில் ஒரு நல்ல முக்கால் மணி நேரம் கிடைக்கும், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மரம், எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கும் புங்கன். நான் ஆரம்பித்த நேரம் அது இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா நின்று பார்த்துவிட்டு, “ஏம்மா, மொட்டை மரத்துல என்னத்த வரையற?” என்றார். தெரு பெருக்க வரும் அக்காவுக்கு வேறு கவலை. “உனக்குப் படம், எனக்குக் குப்பை” என்று விளக்குமாறை ஊன்றிக்கொண்டு நின்றார். ஆனால் இந்தப் பருவத்தைப் பற்றி அவரிடம் கற்றதுபோல் வேறு யாரிடமும் கற்கவில்லை. முதலில் பாதாம் மரம் சிவந்து கொட்டும், அப்புறம் வேம்பு, அதற்குப் பின்னால் புங்கன், எந்தத் தெருவில் எது முந்தும் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. என் பேச்சுத் தடை அவரிடம் மட்டும் செல்லாது என்று விதியைத் திருத்திக்கொண்டேன்.

பங்குனியில் துளிர் வந்தது. இதற்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். புங்கந்துளிரில் லேசான செம்பு ஓடி, அப்புறம் எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கும் இளம்பச்சையாக மாறும். அந்த மினுக்கத்துக்கு வண்ணமே கிடையாது, தாளின் வெள்ளையை அந்த இடத்தில் தொடாமல் விட வேண்டும். பூச நீளும் கையை அடக்குவதுதான் பெரிய பயிற்சி. கோயில் பக்கத்து அரசமரத்துத் துளிர் இன்னும் சிவப்பு, கருஞ்சிவப்போடு துளி மஞ்சள் சேர்த்தால் ஓரளவு வருகிறது. துளிர் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அந்தோசயனின் என்கிற நிறமி. பச்சையம் முழுதாகச் சேரும்வரை இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து அது காக்கிறது என்கிறார்கள்.

என்னை உலுக்கியது வேறு விஷயம். வசந்தம் என்றால் பனி உருகி, குளிர்ந்த காற்றடித்து, புல் முளைக்கும் என்று எங்கெங்கோ பார்த்த படங்கள் மண்டைக்குள் இருந்தன. நம் கரையில் அப்படி இல்லை. வடகிழக்கு மழை மார்கழியோடு ஒதுங்கிவிடும். மாசி, பங்குனியில் மேல்மண் வறண்டு, வெயில் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சமயம் பார்த்து இந்த மரங்கள் புதுசு உடுத்துகின்றன. பழைய இலை இருக்கும்வரை தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். அதைக் கொட்டிவிட்டால், வேர் ஆழத்திலிருந்து இழுக்கும் நீர் தண்டிலும் கிளையிலும் மெல்லச் சேரும். அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு, மழைக்குக் காத்திராமல், நாள் நீளும்போது துளிர்க்கின்றன. பெரியம்மா சொன்ன மொட்டைக் காலத்தில்தான் மரத்துக்குள் வேலை நடந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நானும் கொஞ்சம் கொட்டினேன். இரவு ஒன்பது மணி டிவி விவாதம் போயிற்று. நாள் முழுக்க சண்டை நடக்கும் உறவினர் வாட்ஸ்அப் குழு ஒன்றிலிருந்து வெளியே வந்தேன். காலை எழுந்ததும் சுலோகம், யோகா, நன்றிக் குறிப்பு என்று புதிதாகச் சேர்க்க வைத்திருந்த பட்டியலையும் அப்படியே விட்டுவிட்டேன்.

ஓரத்துச் சொற்களுக்கு வருகிறேன். மாசிப் பக்கங்களில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல்: “வீடு”. அம்மா விட்டுப்போன வீட்டை ஒட்டி எனக்கும் தம்பிக்கும் இடையில் ஓடும் வழக்கில்லாத வழக்கு அது. துளிரின் நரம்பு நடுக்காம்பிலிருந்து எந்தக் கோணத்தில் பிரிகிறது என்று கண் உற்றுப் பார்க்கும்போது அந்தப் பேச்சு நிற்கும், பென்சில் நிமிர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முன்பு அது வந்தால் கோடே தப்பும். பங்குனி முடிவில் வந்தது வந்தபடி இருக்க, கை வரைந்துகொண்டு இருந்தது. அப்புறம் “கணக்கு”, “முதுகு”, “குயில்” என்றெல்லாம் சொற்கள் கலந்தன. குயில் வரக் காரணம் உண்டு. கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பில் பாரதி உலவிய ஊர்க்காரர்கள் நாங்கள். ஆனால் அதிகாலை நாலு மணிக்கே அது கூவ ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் கவிதை வராது.

நடுவில் ஒரு கிளைச்சோதனையும் செய்தேன். அரவிந்தர் ஆசிரமத்து அன்னை ஏறத்தாழ 900 பூக்களுக்கு உட்பொருள் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார். வேப்பம்பூ ‘ஆன்மிகச் சூழல்’, துளசி ‘பக்தி’, நித்யகல்யாணி ‘முன்னேற்றம்’. அன்றன்றைக்குத் தேவையான குணத்தைத் தேர்ந்து அதற்குரிய பூவை வரையலாமே என்று பார்த்தேன். சரிப்படவில்லை. பொருளை முதலில் மனசில் வைத்துக்கொண்டால் கண் சோம்பேறியாகிவிடுகிறது. முதலில் வரைந்துவிட்டு அப்புறம் பெயரைப் பார்க்கும்போது சுவையாக இருந்தது. வருஷம் முழுக்க, யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் பூக்கும் நித்யகல்யாணியை ‘முன்னேற்றம்’ என்றது எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரமத்தில் உள்ள சமாதியின் மேல் நிழல் பரப்பும் பெருங்கொன்றைக்கு அவர் வைத்த பெயர் ‘சேவை’. அன்னை புதுச்சேரிக்கு நிரந்தரமாகத் திரும்பிய 1920 ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஆண்டுதோறும் தரிசன நாள் வருகிறது, நானும் போனேன். அங்கே நிலவிய அமைதியில் நோட்டைத் திறக்க மனம் வரவில்லை. கடற்கரைச் சாலைக்கு வந்து நினைவிலிருந்து வரைந்தேன். அரவிந்தர் இந்த ஊரில் வந்து இறங்கியதும் ஏப்ரலில்தான், 1910-இல் 4-ஆம் தேதி. உள்மாற்றம் தேடுபவர்களை இந்த வெயில் இழுக்கிறது என்று சொல்ல ஆசை, ஆனால் அன்றைக்குக் கப்பல் எப்போது கிடைத்ததோ!

சித்திரை முதல் நாளுக்கு வேப்பம்பூ. வெயில் ஏறுமுன் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்தால் தானாகக் கொட்டும். வரைய மகா சிரமமான பூ. அரிசி அளவு மொட்டு, விரிந்தால் ஐந்து வெள்ளை இதழ், நடுவில் சின்னக் குழல், அந்தக் குழலின் வாயில் பத்து மகரந்தப் பைகள். லென்ஸ் இல்லாமல் முடியாது. இலை அவ்வளவு கசக்கும் மரத்தின் பூவுக்குத் தேன் வாசம். மீதிப் பூவை நெய்யில் வறுத்து, மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி செய்தேன். அன்று தம்பிக்குப் போன் போட்டேன். வீட்டைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாங்காய் விலையைப் பேசினோம். வீட்டு விஷயம் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

அடுத்து புங்கம்பூ. சங்கப் புலவர்கள் அதைப் பொரி என்றார்கள், தெருவைப் பார்த்தால் வேறு உவமை தேடத் தோன்றாது. பெருக்கும் அக்கா மட்டும் அதை வேறு வார்த்தையால் சொன்னார், அது இங்கே வேண்டாம்.

வைகாசியில் வடலூர் போனேன். வள்ளலார் 1867-ஆம் ஆண்டு வைகாசி 11-ஆம் நாள், ஆங்கிலக் கணக்கில் மே 23, பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமச்சாலையை அங்கே தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அடுப்பை வரையலாம் என்று நோட்டோடு போனவளுக்குக் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. கத்திரி வெயில், உள்ளே அடுப்பின் அனல், பந்திக்குப் பந்தி ஆட்கள். படம் எதுவும் தேறவில்லை. ஓரத்தில் எழுதவும் சொல் இல்லை. அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது.

“என்ன, நிம்மதி கிடைச்சுதா?” என்று கேட்கிறார்கள். வைகாசிப் பக்கங்களில் ஓரம் பல இடங்களில் காலியாக இருக்கிறது. அது மன அமைதியா, வெயில் சோர்வா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கணவர் கவனித்தது ஒன்று: “இப்பல்லாம் கேட்டா பதில் சொல்ல நேரம் எடுத்துக்கற.” அதைப் புகார் மாதிரிதான் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. தூக்கமும் பரவாயில்லை, அந்தக் குயிலையும் மீறி.

அடுத்த குறி மரமல்லி. அன்னை அதற்கு வைத்த பெயர் ‘உருமாற்றம்’. வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெரு மரமல்லி இளவேனிலில் பூப்பதில்லை, ஐப்பசி மழையில்தான் கொட்டும். நீளக் காம்புள்ள வெள்ளைப் பூ, வெள்ளைத் தாள். பின்னணியை மட்டும் பூசிப் பூவை எழுப்பும் முறையைப் பழக இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இப்போதைக்குச் சமையல்கட்டில் உரித்த பூண்டை வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.