தூக்கின கால்

ஆருத்ரா முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, இப்போது ராமநாதபுரம் பக்கத்து உத்திரகோசமங்கைக்குப் போய் எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எனக்குள்ளும் அதே கேள்விதான். அங்கே மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருப்பவர். 'மத்தளம் முழங்க மரகதம் பொடிபடும்' என்பார்கள். சத்தத்தின் அதிர்வுகூட அந்தத் திருமேனிக்கு ஆகாதாம். மார்கழித் திருவாதிரைக்கு, அதாவது ஆருத்ராவுக்கு, முந்தின நாள்தான் வழக்கமாகக் காப்பைக் களைவார்கள். மறுநாள் விடிவதற்குள் புதுச் சந்தனம் சாத்திவிடுவார்கள்.

அந்த ஒரு நாளுக்காக அம்மா பல வருடமாக 'அடுத்த மார்கழி' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வருடம் மழை, ஒரு வருடம் எனக்கு லீவு இல்லை, அப்புறம் அவள் முழங்கால். இந்த மாசியில் அவளே, "கூட்டமில்லாத நாளா பார்த்துக் கூட்டிட்டுப் போப்பா" என்றாள்.

மதுரையிலிருந்து விடியற்காலை கிளம்பினோம். 8 மணிக்குத் திருப்புல்லாணி, 9.30-க்குச் சேதுக்கரை, 11 மணிக்கு உத்திரகோசமங்கை என்று போனில் குறித்து வைத்திருந்தேன். ஒரு கோயிலில் நிற்கும்போதே அடுத்த கோயிலுக்குப் போய்விடுகிற ஆள் நான்.

திருப்புல்லாணி 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மூலவர் ஆதி ஜெகந்நாதப் பெருமாள். ஆனால் அம்மாவை அசையவிடாமல் நிறுத்தியவர் தர்ப்பசயன ராமர். இலங்கைக்கு வழி வேண்டி, கடலரசனை நோக்கி மூன்று நாள் தர்ப்பைப் புல்லில் கிடந்த கோலம். "நேரமாச்சும்மா" என்று தோளைத் தொட்டேன். "அவரே மூணு நாள் படுத்துக் கெடந்திருக்காரு. நீ மூணு நிமிஷம் நில்லு" என்றாள். மூன்றாம் நாள் கோபம் வந்து வில்லை எடுத்ததும் இதே ராமர்தானே என்ற பதில் எனக்குக் காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது. சொன்னேன். "அதுவரைக்கும் படுத்திருந்தாருல்ல" என்று சொல்லிவிட்டுக் கோயிலில் வாங்கின பாயசத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

வழியில் தெருவோரம் குண்டு மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். கண்ணாடியை இறக்கினால் தும்மல்.

சேதுக்கரையில் ஆஞ்சநேயர் கடலைப் பார்த்து நிற்கிறார். ஆடி, தை அமாவாசைகளில் இங்கே கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கு நாலைந்து பேர் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கணுக்கால் தண்ணீரில் அம்மா நின்றாள். கால் மெட்டியில் ஒரு கடல்பாசி சிக்கிக்கொண்டது. குனிய முடியாத முழங்காலோடு என் கையைப் பிடித்துக் குனிந்து, அதை எடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள். அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்தும் உத்திரகோசமங்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியாகிவிட்டது. இனி சாயங்காலம்தான். எனக்கு எரிச்சல். அம்மா நிழல் பார்த்து உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு ஆடு வந்து இலையை இழுத்தது. சாப்பிட்டு முடித்து நீத்தல் விண்ணப்பத்தை முணுமுணுக்க ஆரம்பித்தாள். 'என்னை விட்டுவிடாதே' என்று இந்தத் தலத்து ராஜாவிடம் மாணிக்கவாசகர் கெஞ்சுகிற 50 பாட்டு. அம்மாவுக்குப் பத்துதான் மனப்பாடம். பதினொன்றில் தடுக்கியதும் முதலிலிருந்து தொடங்குவாள். மூன்றாவது சுற்றில் நானும் போனை உள்ளே வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டேன், வேறு வேலை இல்லாததால்தான்.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா, "ஆருத்ராவுக்கு வந்திருந்தா பச்சையா பார்த்திருக்கலாமே" என்றார். "அதுக்கும் வரணும்" என்றாள் அம்மா, சந்தோஷமாகவே.

நடை திறந்ததும் மங்களநாதரையும் மங்களாம்பிகையையும் கும்பிட்டுவிட்டு நடராஜரிடம் போனோம். எங்களைத் தவிர ஒரு குடும்பம்தான். தீபம் காட்டினார்கள். நான் எங்காவது சந்தனம் விலகி ஒரு நெல்மணி அளவாவது பச்சை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "என்னத்தைத் தேடுற? தூக்கின காலைப் பாரு."

பார்த்தேன். சந்தனத்தின் வழவழப்பில் வெளிச்சம் ஏறி இறங்கியது. தூக்கிய திருவடி, வீசிய கை, எல்லாம் அப்படியே இருந்தன. பச்சைக்குக் காத்திருந்த கண்ணுக்கு அதுவரை அது படவில்லை. தீபம் தணிந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றோம். யாரும் நகரச் சொல்லவில்லை.

திரும்பும்போது காரில், "அடுத்த திருவாதிரை என்னைக்குன்னு பாரு" என்றாள். இன்னும் பத்து மாதம் இருக்கிறது என்றேன். விரல் விட்டு எண்ணினாள்: பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, ஆடி வெள்ளி, நவராத்திரி, கார்த்திகைத் தீபம். "நடுவுல இவ்வளவு இருக்கு" என்றாள். பரமக்குடி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். பாயசத் தூக்கு அவள் மடியிலிருந்து சரியாமல் நான் பிடித்துக்கொண்டேன்.