டார்வின்: காலை 9.58-க்கு ஊதும் சங்கு

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கோடியில் இருக்கும் டார்வினுக்குச் சுற்றுலா போகிறவர்கள் மே மாதத்துக்கு மேல்தான் போவார்கள். பிப்ரவரியில் அங்கே அடைமழை. விஷ ஜெல்லிமீன் பயத்தால் கடலில் கால் வைக்க முடியாது. காக்காடு பூங்காவில் பல சாலைகள் வெள்ளத்தில் கிடக்கும். அறை வாடகை மட்டும் மலிவு. தெரிந்தேதான் போனேன், பிப்ரவரி 19-க்காக.

1942-ல் அந்தத் தேதியில்தான் ஜப்பான் இந்த ஊரின் மேல் குண்டு போட்டது. அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தை அடித்த அதே அட்மிரல் நகுமோவின் கப்பற்படை. விமானங்களுக்குத் தலைமை தாங்கியவரும் அதே ஃபுச்சிதா. முதல் தாக்குதலில் 188 விமானங்கள், நண்பகல் வாக்கில் இன்னொன்று. குறைந்தது 235 பேர் செத்தார்கள். ஒன்றரை மாதம் கழித்துக் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியது இதே படைதான். மெட்ராஸ்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது அந்த ஏப்ரலில். நம் வீட்டுப் பெரியவர்களின் ‘எவாகுவேஷன்’ கதைகளுக்கு முன்கதை இங்கே இருக்கிறது.

நிகழ்ச்சி கடலோரத்து பைசென்டெனியல் பூங்காவில், போர் நினைவுத்தூண் முன்னால். காலையிலேயே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் முதியவர்கள், மார்பில் பதக்கங்கள். சற்றுத் தள்ளி ‘பியரி’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பீரங்கி. அன்று மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்தது. அது கிடந்த திசையைப் பார்த்தே நிறுத்தியிருக்கிறார்கள். குழல் முழுக்க பெயின்ட், தொட்டால் சுடுகிறது.

சரியாக 9.58-க்கு, அன்று தாக்குதல் தொடங்கிய அதே நேரத்துக்கு, சங்கு ஊதியது. மௌன அஞ்சலி என்று நினைத்து எழுந்து நின்றேன். பக்கத்திலிருந்த மூதாட்டி, “காதைப் பொத்திக்கொள்ளுங்கள்” என்றார். அடுத்த நொடி ராணுவத்தார் வெற்றுத் தோட்டாக்களை வெடிக்க ஆரம்பித்தார்கள். தலைக்கு மேலே விமானங்கள். மரத்திலிருந்த பறவைகள் மொத்தமாகக் கிளம்பின, ஒரு குழந்தை வீறிட்டது. துக்க நாளில் இதென்ன கூத்து என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இந்தத் தாக்குதல் ஆஸ்திரேலியர்களிடமே வெகுகாலம் அடக்கி வாசிக்கப்பட்ட ஒன்று. இருபது பேர்கூடச் சாகவில்லை என்றுதான் அப்போது அறிவித்தார்கள். நீதிபதி லோவின் விசாரணை அறிக்கை 1945-ல்தான் வெளியே வந்தது. தேசிய நினைவு நாளாக அறிவிக்க 2011 வரை ஆனது. இவ்வளவு அமுக்கி வைத்த ஊர் வருஷத்துக்கு ஒருமுறை சத்தம் போட்டால் போடட்டுமே.

எனக்குக் குறை வேறு. நான் கேட்ட உரைகளில் வீரம் இருந்தது, தியாகம் இருந்தது; எச்சரிக்கை வந்த கதை மட்டும் இல்லை. டார்வினுக்கு வடக்கே பாத்தர்ஸ்ட் தீவில் இருந்த பாதிரியார் மெக்ரா, விமானக் கூட்டம் தெற்கே போகிறது என்று வயர்லெஸ்ஸில் சொன்னபோது இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தது. திரும்பி வரும் அமெரிக்க விமானங்களாக இருக்கும் என்று ஆளாளுக்கு விட்டுவிட்டார்கள். குண்டு விழும் நேரத்துக்குத்தான் சங்கு ஊதியது. பிறகு ராணுவத்தார் உட்படப் பலர் கிடைத்த வண்டியில் தெற்கே ஓட, காலி வீடுகளில் கொள்ளை நடந்தது. கொள்ளையடித்தவர்களில் சீருடை போட்டவர்களும் உண்டு. ‘ஈஸ்ட் பாயின்ட்’ என்ற இடத்தில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் கொஞ்சம் விவரம் கிடைக்கும்.

ஊருக்குள் பலரும் பார்ப்பது எண்ணெய்ச் சுரங்கங்களை. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த பிறகு பூமிக்கடியில் தோண்டியவை. போர் முடியும்வரை அதில் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை! உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

மழைக்கு அங்கே ஒதுங்குவதைவிட வண்டி எடுத்து அடிலெய்ட் ரிவர் கல்லறைக்குப் போகலாம். ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையில் 115 கிலோமீட்டர் போல. டார்வின் தபால் நிலையத்தார் அங்கேதான் இருக்கிறார்கள். தந்தித் தொடர்பு அறுந்துவிடக் கூடாதென்று ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர்கள். போஸ்ட்மாஸ்டர் ஹர்ட்டில் பால்ட், மனைவி, மகள், ஊழியர்கள் எல்லோரும் பதுங்கிய குழி மேலேயே குண்டு விழுந்தது. தபால் நிலையம் இருந்த இடத்தில் இன்று வடக்குப் பிரதேச நாடாளுமன்றம் நிற்கிறது. உள்ளே இலவசமாகச் சுற்றிப் பார்க்கலாம்.