வரைபடத்தில் ஒன்றரை மீட்டர்

சென்னைப் புறநகரில் புதிதாகக் கட்டிய தனி வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு நான் அலைந்த அலைச்சலில் பெரும்பகுதி, கட்டட அனுமதி வரைபடத்தின் ஜெராக்ஸை அசலாக நினைத்து நம்பியதால் வந்தது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் வக்கீலிடம் ஒரே வாரத்தில் தேறிவிட்டன. வரைபட நகலில் மட்டும் அனுமதி எண்ணும் முத்திரையும் இருக்கவேண்டிய மூலை கருத்துப்போயிருந்தது. கேட்டதற்கு, "அப்ரூவல் எல்லாம் பக்கா சார், பயப்படாம ரிஜிஸ்டர் பண்ணுங்க" என்றார் கட்டியவர்.

இத்தகைய வீடுகளில் வாங்குபவருக்குக் காவல் குறைவு. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாததால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு தேவையில்லை; சிறிய குடியிருப்பு என்பதால் கட்டட நிறைவுச் சான்றும் கட்டாயமில்லை. அனுமதித்தபடிதான் கட்டினார்களா என்று பார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

சான்றளித்த நகல் கேட்டு உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனு எடுத்துச் சென்றேன். பட்டாவில் உள்ள சர்வே எண்ணைப் பார்த்த எழுத்தர், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மனுவைத் திருப்பித் தந்தார். இரண்டாம் முறை போனபோது அவர் விடுப்பில் இருந்தார். அரை நாள் சம்பளம் போயிற்று. மூன்றாம் முறை, பக்கத்து மேசையில் இருந்த மூத்த உதவியாளர் ஒருவர், "உட்பிரிவு ஆகறதுக்கு முன்னாடி என்ன நம்பர்?" என்று கேட்டார். நிலத்தைப் பிரிப்பதற்கு முன்பிருந்த பழைய சர்வே எண்ணைச் சொன்னதும் பத்து நிமிடத்தில் கோப்பு வந்துவிட்டது. எனவே, மனுவில் பழைய எண், புதிய உட்பிரிவு எண் இரண்டையும் எழுதிவிடுங்கள். அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

நகலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வரைபடத்தில் மேற்குப் பக்க செட்பேக், அதாவது சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விடும் காலியிடம், 1.5 மீட்டர், தரையில் அளந்தால் 90 சென்டிமீட்டர்தான், ஏனெனில் குளியலறைச் சுவர் வெளியே தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. சதுர அடிக் கணக்கில் என்னிடம் விலை பேசியிருந்த மொட்டைமாடி அறை வரைபடத்திலேயே இல்லை. அதற்கு வங்கியின் மதிப்பீட்டுப் பொறியாளர் ஒரு ரூபாய்கூட மதிப்புப் போடவில்லை. 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு வாசலோரம் அழகாக ஒரு சிமெண்ட் மூடி இருந்தது. கடப்பாரையால் நெம்பித் தூக்கியபோது அடியில் குழியே இல்லை, வெறும் மணல். மின் இணைப்பும் இன்னும் கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பாகவே இருந்தது.

மற்றவற்றைச் சரிசெய்யலாம், சுவரை நகர்த்த முடியாது. வீட்டை விட்டுவிட்டேன். ஒப்பந்தத்தில், "கட்டடம் அனுமதி வரைபடத்திலிருந்து மாறுபட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று வக்கீல் பிடிவாதமாகச் சேர்த்திருந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. அன்று அதை வீண் வம்பு என்று நினைத்தேன். பணம் இரண்டு தவணையாக, நாற்பது நாளில் வந்து சேர்ந்தது. வில்லங்கச் சான்றுக்கும் வக்கீலுக்கும் செலவழித்தது போனது போனதுதான்.