கருவேலம் இனி அக்கேசியா இல்லை

எங்கள் துறை ஹெர்பேரியத் தாள்களில், அதாவது உலர்த்திய செடிகளை ஒட்டிப் பெயர் எழுதி வைக்கும் தாள்களில், கருவேலத்துக்கு ‘அக்கேசியா நிலோட்டிகா’ என்றுதான் இருக்கும். அதை ‘வச்செல்லியா நிலோட்டிகா’ என்று மாற்றச் சொல்லி மாணவர்களிடம் கொடுக்கும்போதெல்லாம் மனசு ஒப்பவில்லை.

பிரித்ததில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களை அக்கேசியா என்ற ஒரே பேரினத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். அவை ஒரு கால்வழியில் வந்தவை அல்ல என்று டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டிய பிறகு பிரிக்காமல் முடியாது. வழக்கு, பழைய பெயர் யாருக்கு என்பதில்தான். ஒவ்வொரு பேரினப் பெயருக்கும் அடையாளமாக ஓர் இனத்தை வைத்திருப்பார்கள், அதுதான் மாதிரி இனம். பிரிக்கும்போது அது எந்தப் பக்கம் போகிறதோ, பெயரும் அந்தப் பக்கம் போகும் என்பது விதி. மாதிரி இனமாக இருந்தது நம் கருவேலம். 2005 வியன்னா தாவரவியல் மாநாட்டில் அந்த இடத்தை ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்குக் கொடுத்தார்கள். 2011-இல் மெல்போர்னில் அதுவே உறுதியானது. ஆஸ்திரேலியாவில் மட்டும் தொள்ளாயிரத்துக்கு மேல் இனங்கள், அத்தனைக்கும் பெயர் மாற்ற வேண்டியிருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எண்ணிக்கைக்காக விதியைத் தளர்த்தியது நியாயமாக எனக்குப் படவில்லை.

அக்கேசியா என்பதே முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. கருவேலங்கிளை ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: கணுவுக்குக் கணு இரண்டிரண்டாய் வெளுத்த முள், மஞ்சள் உருண்டைப் பூ, மணி கோத்தாற்போல் விதைக்கு விதை இடுங்கிய நெற்று. கொடைக்கானலில் மண்டிக் கிடக்கும் சீகை மரத்தில், வாட்டில் என்பார்களே, ஒரு முள் கிடையாது. இன்று அதுதான் அக்கேசியா!

ஒரு ஆறுதல் உண்டு. வச்செல்லியா என்ற பேரினத்தை 1834-இல் ஆர்னட் என்ற தாவரவியலாளரோடு சேர்ந்து அமைத்தவர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்து, நம் பக்கத்துச் செடிகொடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர் அவர்.

தலை தேய்க்கும் சீகைக்காயும் இப்போது செனகாலியா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலத்தையும் 2022-இல் புரோசோபிஸிலிருந்து நெல்ட்டுமாவுக்கு மாற்றிவிட்டார்கள். அதன் பூ உருண்டையல்ல, கதிர். நாட்டுக் கருவேலத்தோடு குழப்பிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

தாளில் பழைய பெயரை அடிக்க வேண்டாம், புதியதன் கீழே எழுதி வையுங்கள் என்கிறேன். பழைய மூலிகை நூல்களிலும் வனத்துறைக் குறிப்புகளிலும் கருவேலத்தைத் தேடுகிறவருக்கு அக்கேசியா என்ற பெயர்தான் வழி காட்டும்.