ராத்திரி 2 மணிக்கு யார் வந்தது?

மூன்று ராத்திரி தொடர்ந்து 2 மணிக்கு மேல், ஆள் நடமாட்டத்தைப் பிடிக்க வாசலில் மாட்டியிருந்த திருட்டு அலாரத்தின் சைரன் அலறியது. மூன்று தடவையும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன், வாசலில் ஈ காக்கை இல்லை. நான்காம் நாள் எரிச்சலில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன், அதன் சென்சாரின் சென்சிடிவிட்டியைக் குறைத்துவிட்டேன். அன்றைக்கு நல்ல தூக்கம். மறுநாள் சாயங்காலம் சென்சாரைப் பார்த்தபடி நேராக நடந்து போனால், அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. சரி, திருடனும் நிம்மதியாக வரலாம்.

வெளியே மாட்டும் இந்த பி.ஐ.ஆர். (பாஸிவ் இன்ஃப்ராரெட், அதாவது அகச்சிவப்புக் கதிரை வாங்கி மட்டும் பார்க்கும்) சென்சார் எதைப் பார்க்கிறது என்று அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அசைவு அதற்குத் தெரியாது, வெப்பம் இடம் மாறுவதுதான் தெரியும். நம் உடம்பிலிருந்து 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அகச்சிவப்புக் கதிர் கிளம்பிக்கொண்டே இருக்கிறது. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் வாசலை விசிறி மடிப்பு மாதிரி பட்டை பட்டையாகப் பிரிக்கிறது, நாம் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குக் கடக்கும்போது உள்ளே சிக்னல் ஏறி இறங்குகிறது. அதனால் குறுக்கே போகிறவனைச் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வருகிறவனைப் பிடிக்கத் திணறும். ஆக, நான் நடந்து பார்த்த விதமே தப்பு. வெயில் காலத்தில் சுற்றுப்புறமே 37 டிகிரியை நெருங்கிவிட்டால் ஆளுக்கும் சுவருக்கும் வித்தியாசம் தெரியாமல் இன்னும் மந்தமாகும்.

சென்சிடிவிட்டியைப் பழையபடி ஏற்றிவிட்டு, சைரனை மட்டும் நிறுத்திவைத்து, ஒவ்வொரு தடவை அலெர்ட் வரும்போதும் நேரத்தைக் குறித்தேன். இரண்டே நாளில் விஷயம் வெளியே வந்துவிட்டது, அலெர்ட்டுகளில் ஒரு கூட்டம் மதியம் 3 மணி வாக்கில், இன்னொன்று நடுராத்திரியில். மதியத்துக்காரன் சுவரில் படர்ந்த கொடி. வெயிலில் சுவர் கொதிக்கிறது, இலை அந்த அளவுக்குச் சுடுவதில்லை, காற்றில் இலை ஆடும்போதெல்லாம் பின்னால் இருக்கும் சூடு மறைந்து மறைந்து தெரிகிறது. பாவம், சென்சாருக்கு அது ஆள் நடமாட்டம். கொடியை வெட்டியதோடு அது ஒழிந்தது.

ராத்திரிக்காரனைப் பிடிக்க ஏணி போட வேண்டியிருந்தது. லென்ஸின் ஓரத்தில் சிலந்தி வலை. மூடியைக் கழற்றினால், வயருக்காகப் போட்ட ஓட்டை வழியே எறும்பு வரிசையாக உள்ளே போய்க் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. லென்ஸை ஒட்டி ஊரும் சிலந்தியும், அதற்குள்ளேயே ஊரும் எறும்பும் சென்சாருக்கு மலை மாதிரி தெரியும். எல்லாவற்றையும் துடைத்து, ஓட்டையைச் சிலிக்கோன் பசையால் அடைத்தேன். போதாக்குறைக்கு, சென்சார் போட்டு அணைக்கும் ஹாலஜன் விளக்கைச் சரியாக அதன் கண்ணுக்கு முன்னால் மாட்டியிருந்தார்கள். விளக்கு அணைந்ததும் ஆறத் தொடங்கும், அந்த மாற்றத்தைப் பார்த்து இது மறுபடி போடும், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். மாட்டிய புண்ணியவானை என்ன சொல்வது! விளக்கை இரண்டு மீட்டர் தள்ளி மாற்றினேன்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம்: ஸ்க்ரூ தளர்ந்து ஆடுகிறதா, பேட்டரி இறங்கிவிட்டதா, ஏ.சி. வெளி யூனிட்டின் சூடான காற்று எதிரே அடிக்கிறதா, தெருவில் போகும் வண்டி பார்வைக்குள் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். உயரம் பெரும்பாலும் 2 முதல் 2.4 மீட்டர் என்பார்கள், ஆனால் உங்கள் மாடலின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. பி.ஐ.ஆரோடு, மைக்ரோவேவ் அலையை அனுப்பி அசைவைப் பார்க்கும் சென்சாரும் சேர்ந்த டூயல் சென்சார், இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் கத்தும், காசிருந்தால் வாங்கலாம். எறும்புப் புற்றுக்கு அது பதில் இல்லை என்பது என் கட்சி.

ஐந்து நாள் அமைதி. ஆறாவது நாள் ராத்திரி மறுபடி அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், நிஜமாகவே மதில்மேல் பூனை. வளர்ப்புப் பிராணியைக் கண்டுகொள்ளாது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்ததே என்று பார்த்தால், அந்த வசதி தரையில் நடக்கும் பிராணிக்குத்தானாம், சென்சாரின் முகத்துக்கு நேரே நடக்கிறதற்கு இல்லை. லென்ஸில் மதில் பக்கத்துப் பட்டையை மட்டும் உட்புறமாக டேப் ஒட்டி மறைத்துவிட்டு, குறுக்கே நாலு நடை நடந்து சோதித்துவிட்டு வந்தேன். பூனை அங்கேயே உட்கார்ந்து நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.